அம்மன் கோவில் கொடை வரியில் மிச்சம் ஒரு லட்சம்: ஆர்ச் கட்டவா, சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்க ஆள் போடவா?

கால்வாய்க்கரைக்காரி:
எங்கள் ஊர் சேரன்மகாதேவிக்கு மேற்கே, கன்னடியன் கால்வாய்க் கரையில். பேர் வேண்டாம். அம்மன் கோவில் ஆடிக் கொடைத் திருவிழா முடிந்து கணக்குப் பார்த்ததில் மேளம், வில்லுப்பாட்டு, பந்தல், சாப்பாடு எல்லாம் போக ஒரு லட்சத்து எட்டாயிரம் ரூபாய் மிச்சம். ஊர் முகப்பில் ஆர்ச் கட்டலாம் என்கிறது கமிட்டி, பற்றாததற்கு இன்னொரு வரி போடுவார்களாம். நான் கேட்பது வேறு. அங்கன்வாடி மூன்றரைக்குப் பூட்டிவிடுகிறது. அதிலிருந்து ஆறரை வரைக்கும் பிள்ளைகளைச் சமுதாய நலக்கூடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள, ஊரிலேயே இரண்டு பெண்களைக் கூலி கொடுத்துப் போடலாம்.

எனக்கு இரண்டரை வயதில் மகன். நான் பீடி சுற்றுகிறேன். சாயங்காலம்தான் எண்ணிக்கையை முடிக்க ஓடுகிற நேரம். மடியில் சுளகு, சுளகில் தூள், பக்கத்தில் இலை வெட்டுகிற கத்தரி, அவன் நேரே அதில்தான் கை வைப்பான். போன மாதம் தூளை அள்ளி வாயில் போட்டு, வாந்தி எடுத்து, உதடெல்லாம் வெளுத்துப் போனான். அன்றிலிருந்து பழைய சேலையைக் கிழித்து ஒரு முனையை அவன் இடுப்பிலும் ஒரு முனையைக் கட்டில் காலிலும் கட்டி வைக்கிறேன். முடிச்சை அவிழ்க்க அவனுக்குத் தெரியாது. துணி எட்டுகிற தூரம் வரைக்கும் வந்து நின்று கையை நீட்டிக்கொண்டே இருப்பான். எங்கள் வளவில் ஏழு வீடு. ஐந்து வீட்டில் இப்படித்தான்.

ஊர்க்கணக்கு:
நானும் அதே ஊர்தான் அம்மா, யார் வீட்டுப் பிள்ளை என்றும் தெரிகிறது. உன் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அது அம்மன் பணம். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி வாங்கியது கொடைக்கு. அதை வேறு செலவுக்கு மாற்ற உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. அப்புறம் ஒன்று, என் வீட்டுக்காரி ஐந்து பிள்ளை வளர்த்தாள், வயலுக்கும் போனாள், பீடியும் சுற்றினாள். வீட்டில் ஆச்சி இருந்தார்கள், பிள்ளை வளர்ந்தது. வீட்டிலேயே இருந்து செய்கிற வேலைக்குப் பிள்ளை பார்க்கத் தனியாகக் கூலி ஆள் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீரை மதினி:
அண்ணாச்சி, ஆச்சி இருந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த ஆச்சிகளில் ஒருத்தி நான். அறுபத்து நான்கு வயது, இரண்டு முட்டியும் போய்விட்டது, குனிந்தால் எழுந்திருக்கக் கட்டிலைப் பிடிக்கவேண்டும். மகனும் மருமகளும் திருப்பூரில், பேரன் என்னிடம். அவன் தெருவில் இறங்கி ஓடினால் என்னால் நான்கு எட்டு வைக்க முடியாது, வாசல் தார்சாவில் நின்று கத்துவேன், யாராவது பிடித்துக்கொண்டு வருவார்கள். இதில் நானும் பீடி சுற்றினால்தான் மருந்துக்குக் காசு. அந்தக் காலத்தில் வளவு முழுக்கச் சித்தி, மதினி, கொழுந்தியாள் என்று பத்துக் கை இருந்தது. இப்போது அந்தப் பத்துக் கையும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறது. வீட்டில் இருக்கிறவள் சும்மா இருக்கிறாள் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். என் மருமகள் மில்லுக்குப் போனால் அது வேலை, நான் தார்சாவில் உட்கார்ந்து ஆயிரம் பீடி சுற்றினால் அது பொழுதுபோக்கா?

பாளை வக்கீல்:
ஊர்ப் பணத்தைத் தொடவேண்டாம் என்பதுதான் என் கருத்தும், ஆனால் காரணம் வேறு. இது அரசும் முதலாளிகளும் செய்யவேண்டிய வேலை. 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கவேண்டும் என்றது. நடந்தது என்ன? ஒரே இடத்தில் ஐம்பது பெண்கள் இருந்தால்தானே சட்டம், இலையையும் தூளையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பிவிட்டார்கள். 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேர் வேலை செய்தால் காப்பகம் என்றார்கள். தார்சாவில் சுற்றுகிறவளுக்கு அதிலும் ஒன்றும் இல்லை.

இப்போது பால்னா என்று ஒரு திட்டம் இருக்கிறது, 2022-ல் வந்தது. அங்கன்வாடியோடு சேர்த்தே காப்பகம், ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஆறு வயது வரை, ஒரு மையத்துக்கு 25 பிள்ளைகள், செலவில் மத்திய அரசு 60, மாநில அரசு 40. அதைக் கேளுங்கள். திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரிடம் மனு, அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம். நீங்களே காசு போட்டு நடத்த ஆரம்பித்தால், உங்கள் ஊரில்தான் ஏற்பாடு இருக்கிறதே என்று கோப்பை மூடிவிடுவார்கள். இப்படி மூடியதை நான் பார்த்திருக்கிறேன்.

கால்வாய்க்கரைக்காரி:
வக்கீல் அண்ணன் சொல்கிற சட்டமெல்லாம் எனக்குத் தெரியாது, சொன்னதற்கு நன்றி. மனு எழுதித் தாருங்கள், வளவில் அத்தனை பேரும் கையெழுத்துப் போடுகிறோம். ஆனால் மனு நகர்கிற வரைக்கும் என் மகன் கட்டில் காலில்தான் இருக்கவேண்டுமா? ஊர் தொடங்கினால் அரசு ஒதுங்கிவிடும் என்பதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 1956-ல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். அப்போது அது நம் நெல்லை மாவட்டம்தான், தூத்துக்குடி தனியாகப் பிரிந்தது 1986-ல். அந்தச் சோறு அரசுப் பணத்தில் மட்டும் வேகவில்லை, ஊர்க்காரர்கள் கொடுத்த பங்கும் சேர்ந்துதான் வெந்தது. ஊர் கொடுத்ததால் அரசு கோப்பை மூடவில்லையே, இன்று வரைக்கும் பள்ளிக்கூடத்தில் அடுப்பு எரிகிறது.

பால்வாடி டீச்சர்:
வேறு ஒன்றியத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். எல்லோரும் பேசுகிறீர்கள், மூன்றரைக்குப் பூட்டுகிறவள் பக்கத்தையும் கேளுங்கள். பிள்ளைகள் போன பிறகுதான் எனக்குப் பதிவேடு, செல்போனில் எடை, உயரம் ஏற்றுவது, கர்ப்பிணி வீட்டுக்குப் போவது எல்லாம். எங்கள் மையத்தில் உதவியாளர் இல்லாமல் பல மாதம் நானே சமைத்து, நானே கழுவிவிட்டு, நானே பாட்டும் சொல்லிக்கொடுத்தேன். அதனால் ஆறரை வரைக்கும் டீச்சரே பார்க்கட்டும் என்று மட்டும் யாரும் தீர்மானம் போடாதீர்கள். நேரம் கூடும், சம்பளம் கூடாது. தனி ஆள், தனிக் கூலி என்றால் நான் முதல் ஆளாக ஆதரிப்பேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. ஏற்கெனவே கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்குத் திங்கள், புதன், வியாழன் முட்டை. ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வீட்டுக்கே சத்துமாவு. கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலைப்பருப்பு, வெல்லம் எல்லாம் இருக்கிற மாவு அது. அதை மாட்டுக் கழுநீரில் கொட்டியதை என் கண்ணால் பார்த்தேன். கேட்டால் பிள்ளை துப்புகிறது என்கிறார்கள். வெறும் வெந்நீரில் கரைத்துக் கொடுத்தால் துப்பத்தான் செய்யும். வாணலியில் வாசனை வர வறுத்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் நெய்யும் போட்டு, சூட்டோடு உருண்டை பிடித்துப் பாருங்கள். பல் முளைக்காத குழந்தைக்குக் கஞ்சியாகக் காய்ச்சி இறக்கும்போது ஒரு கரண்டி பால்.

அபுதாபி நெல்லைக்காரன்:
நான் அனுப்பிய பத்தாயிரம் கோவிலுக்கு. கேட்காமல் மாற்றினால் அடுத்த வருஷம் அனுப்பமாட்டேன். கேட்டு மாற்றினால் அனுப்புவேன். ஊருக்கு முகப்பு வேண்டும் என்று ஆசையாகத்தான் இருந்தது, வெளியில் இருப்பவனுக்கு அது பெரிய விஷயம். ஆனால் என் மனைவியும் அங்கே ஒன்றரை வயதுப் பிள்ளையோடு தனியாகத்தான் இருக்கிறாள், வீடியோவில் பேசும்போது பாதி நேரம் போனைப் போட்டுவிட்டுப் பிள்ளை பின்னால் ஓடுகிறாள்.

ஊர்க்கணக்கு:
எல்லோருமாகச் சேர்ந்து என்னைப் பிள்ளைகள்மேல் ஈரமில்லாதவனாக ஆக்கவேண்டாம். நான் பயப்படுவது எதற்கு என்று சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பிசான நெல் அறுப்பு நாள், ஊரே வயலில் இருந்தது. மூன்று வயதுப் பிள்ளை ஒன்று கால்வாய்ப் படித்துறையில் இறங்கிவிட்டது. மதகுப் பக்கம் ஒதுங்கியதைப் பார்த்து நான்தான் இறங்கித் தூக்கினேன். சட்டைப் பையில் புளியங்கொட்டை இருந்தது. அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் அம்மா முன்னால் போய் நின்றவன் நான். இப்போது நலக்கூடத்தில் இருபது பிள்ளைகளை விடுகிறீர்கள், அங்கிருந்து கால்வாய் கூப்பிடு தூரம். ஒன்று போய்விட்டால் யார் பதில் சொல்வது? கமிட்டி வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறது. கொடை மூன்று நாளில் முடிந்துவிடும், பிள்ளை பார்ப்பது தினமும் நடக்கவேண்டிய வேலை.

கால்வாய்க்கரைக்காரி:
பெரியப்பா, இதை எங்கள் வீட்டிலும் சொல்லிக் கேட்டிருக்கிறேன், தூக்கியது நீங்கள் என்று தெரியாது. அன்றைக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்க யாருமே இல்லை, அதனால்தான் போனது. நான் கேட்பது ஒருத்தர் கண் பிள்ளைமேல் இருக்கவேண்டும் என்பதைத்தான்.

கணக்கும் போட்டுவிட்டேன். இரண்டு பேர், மூன்று மணி நேரம், தலைக்கு நாளைக்கு 150 ரூபாய். மாதம் 26 நாள் என்றால் 7,800. இருக்கிற பணம் பதின்மூன்று மாதம் தாங்கும். நலக்கூடத்து வாசலுக்கு இரும்புக் கேட் ஒன்று போட்டால் ஒரு வருஷம். தெரிந்தவளைச் சும்மா பார்க்கச் சொல்லலாமே என்பார்கள், வேண்டாம். சும்மா பார்க்கிறவள் அவள் வீட்டில் ஒரு காரியம் என்றால் போய்விடுவாள். கூலி வாங்குகிறவளிடம் ஏன் வரவில்லை என்று கேட்கலாம்.

பாளை வக்கீல்:
கூலி விஷயத்தில் இந்தத் தங்கச்சி சொல்வது சட்டத்துக்கே ஒத்த பேச்சு. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை நடக்கிற இடத்தில் ஆறு வயதுக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஒரு பெண்ணைப் பிள்ளை பார்க்கவே விடவேண்டும், அவளுக்கும் மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே கூலி என்று எழுதியிருந்தார்கள். மண் வெட்டுவதும் பிள்ளை பார்ப்பதும் ஒரே கூலி.

ஊர்ப் பணத்தில் தொடங்குவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. தொடங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு நோட்டில் தினமும் பிள்ளையின் பேர், வயது, விட்ட நேரம், கூட்டிப்போன ஆள், எல்லாம் எழுதுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்த நோட்டை வைத்து, இத்தனை பிள்ளைகள் வருகிறார்கள், பால்னா மையம் தாருங்கள் என்று கேளுங்கள். வெறும் கையோடு போவதைவிட அது பலம். மனுவை நான் எழுதித் தருகிறேன்.

வீரை மதினி:
இரண்டு வயதுக்குக் கீழே இருக்கிற கைப்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். அங்கன்வாடியில் பாடம் சொல்லிக்கொடுக்க இரண்டு வயது ஆகவேண்டும், அதற்கு முந்தின பிள்ளைக்குத்தான் போக இடமே இல்லை.

ஊர்க்கணக்கு:
சரி. கேட்டைப் பற்றிச் சொன்னாயே, அதை முதலில் போடவேண்டும், ஆள் போடுவது அதற்கு அப்புறம். ஆர்ச் வேண்டும் என்று நான் ஊர்க்கூட்டத்தில் பேசத்தான் செய்வேன், என் கருத்து மாறவில்லை. உன் பேச்சையும் கூட்டத்தில் எடுப்பேன், அபுதாபித் தம்பி மாதிரி வரி கொடுத்தவர்களிடம் போனில் கேட்கவும் சொல்வேன். ஆனால் நான் சொல்வதைவிட நீங்களே வந்து சொல்லவேண்டும். பொம்பளைகள் கூட்டத்துக்கு வருவதில்லை, ஓரத்தில் நின்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, கோவில் முன்னால். அந்த நேரத்தில் பிள்ளைகளை எங்கே விடுவீர்கள்?

கால்வாய்க்கரைக்காரி:
தூக்கிக்கொண்டுதான் வருவோம் பெரியப்பா. நாலைந்து பாய் எடுத்துப் போடச் சொல்லுங்கள்.