சாட்ஸ்வொர்த்தில் முதல் கிறிஸ்துமஸ்: கேக்கோடு கைப்பிரதி வைக்கலாமா?

மரக்கிளை
நாகர்கோவில் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, அங்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியேறியிருக்கும் ஓர் இளம் மிஷனெரி குடும்பம். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுடைய திட்டத்தை அவர்கள் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன். டிசம்பர் 22, 23 இரவு 7 முதல் 10 வரை ஒலிபெருக்கி வைத்துத் தெருவில் கீத பவனி (வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது). 60 வீட்டுக்கும் ஒரே பையில் ரம் ஊறிய பழக் கேக்கும் தமிழ்க் கைப்பிரதியும் (நற்செய்தித் துண்டுப்பிரசுரம்). 24 மாலை வாசலில் 100 பேருக்குக் கோழி பிரியாணி, பிறகு ஜெல்லி போட்ட டிரைஃபிள் (கேக், கஸ்டர்ட், பழம் அடுக்கிய இனிப்பு). தெருவில் பாதிக்கு மேல் இந்து வீடுகள், சில முஸ்லிம் வீடுகள். எது சரிவரும், எது வராது? இந்த மன்றத்தில் டர்பனை அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெரிபேங்க்காரன்
முதலில் அந்தக் கைப்பிரதியைப் பையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இங்கே தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மதம் பார்க்காமல் வீட்டுக்கு வீடு போகும். அதே தட்டு கிறிஸ்துமஸுக்கு நிறைந்து திரும்பி வரும். எந்த இந்து வீடும் பலகாரத்துக்கு அடியில் தேவாரம் அச்சடித்து வைப்பதில்லை. நீங்கள் வைத்தால் அது தட்டில்லை, தூண்டில்.

இன்னொன்று. டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறக்கிறது. கறி, முட்டை தொடாத வீடுகள் இருக்கும். அவர்கள் வீட்டுக்கு எதிரே கோழி பிரியாணி மணம் எழுந்தால் வரவேற்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

கீதபவனி
மெரிபேங்க் அண்ணா, தூண்டில் என்பது அதிகம். கொக்கியை மறைத்தால்தான் தூண்டில். இவர்கள் ஊழியக்காரர்கள் என்பது தெருவுக்கே தெரியும். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லாமல் கேக் மட்டும் கொடுப்பதற்கு பேக்கரி போதும், மிஷனெரி எதற்கு? தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு எல்லோருக்கும் மத சுதந்திரம் தருகிறது. 1860 நவம்பர் 16 அன்று, முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து சேர்ந்தவர்களிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். இந்த மண்ணில் தமிழ்க் கிறிஸ்தவம் நேற்று வந்த விருந்தாளியில்லை.

ஆனால் தமிழ்க் கைப்பிரதி வீண். ஆயாமார் (பாட்டிமார்) தமிழ் பேசுவார்கள், அவர்களிலும் படிப்பவர்கள் குறைவு. பேரப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம்தான். சிவகாசியில் அச்சடித்து மூட்டை கட்டி வந்தால் அது கராஜில்தான் தூங்கும். பாட்டுத்தாளிலும் தமிழ் வரிகளை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் இங்கத்துப் பிள்ளைகள் வாயை மட்டும் அசைப்பார்கள்.

மெரிபேங்க்காரன்
சட்டம் இடம் கொடுக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்யலாமா, தம்பி? இங்கே ஒரே குடும்பத்தில் அண்ணன் காவடி எடுப்பார், தங்கை பெந்தெகொஸ்தே சபைக்குப் போவாள். அப்பா இறந்தால் கொள்ளிச் சடங்கில் யார் எங்கே நிற்பது என்பதில் தொடங்கும் சண்டை பல வருஷம் ஓடும். ஊருக்குப் புதிதாய் வந்தவர்களுக்கு எந்தக் கதவுக்குப் பின்னால் அந்தப் புண் இருக்கிறது என்று தெரியாது. 1903இல் நேட்டாலுக்கு (டர்பன் இருக்கும் பகுதியின் அன்றைய பெயர்) வந்த ஜான் ராங்கையாவையே பாருங்கள். ஏற்கெனவே இங்கிருந்த தெலுங்கு பாப்திஸ்துகள் போதகர் வேண்டும் என்று கேட்ட பிறகுதான் அவர் வந்தார். யாரும் கேட்காமல் கேட்டைத் தட்டவில்லை.

கீதபவனி
வந்தவர் அவர்களோடு நின்றுவிடவில்லையே அண்ணா. சரி, பாதி வழி வருகிறேன். கேக் தனியாகப் போகட்டும். அதோடு ஓர் அட்டை: குடும்பத்தின் பெயர், வீட்டு எண், 25 காலை ஆராதனை நேரம், 'விருப்பமிருந்தால் வாருங்கள்' என்ற ஒரு வரி. அதையும் எடுக்கச் சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

சமையற்கட்டு
நீங்கள் இருவரும் அட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள், நான் அடுப்பைப் பார்க்கிறேன்.

ரம் வேண்டாம். அரைக் கிலோ உலர்பழத்தை 250 மில்லி கடும் ரூயிபோஸ் டீயில் (இங்கத்துச் செந்நிற மூலிகை டீ), சூடாக இருக்கும்போதே போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். முட்டைக்குப் பதில் 385 கிராம் கண்டன்ஸ்டு மில்க் டின் ஒன்றும் 250 மில்லி அமாசியும் (தயிர் மாதிரியான இங்கத்துப் புளித்த பால்). வெண்ணெய் 125 கிராம், மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் 10 மில்லி, சோடா உப்பு 5 மில்லி. அமாசியின் புளிப்பு பட்டதுமே சோடா பொங்கத் தொடங்கிவிடும். மாவைக் கலந்து வைத்துவிட்டு அடுத்த டின்னைத் தேடினால் காற்று போய், நடுவில் களி மாதிரி உட்காரும். அடுப்பைச் சூடாக்கி, டின்னுக்குத் தாள் போட்டு வைத்த பிறகே ஈரத்தையும் மாவையும் சேருங்கள். 20 சென்டிமீட்டர் டின் இரண்டில் பிரித்து, 160 டிகிரியில் ஒரு மணி நேரம். முழுக்க ஆறாமல் சுற்றினால் டர்பன் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும்.

டிரைஃபிளில் கடை ஜெல்லி வேண்டாம். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருவது, ஒரே அடியில் இரண்டு வீட்டாரையும் புண்படுத்தும். போதாக்குறைக்கு டிசம்பர் வெயிலில் மேசையிலேயே இளகும். கடற்பாசி (அகர் அகர்) ஒரு லிட்டருக்கு 10 கிராம் போட்டுக் காய்ச்சினால் அறைச் சூட்டிலேயே உறையும், வெயிலுக்கு அசையாது. பச்சை அன்னாசி ஜெலட்டினை உறையவிடாது, கடற்பாசியிடம் அந்த வேலை நடக்காது. ஆனால் அன்னாசிச் சாற்றைச் சேர்த்துக் கொதிக்கவைக்காதீர்கள், புளிப்பில் பிடிப்பு தளரும். இறக்கிய பிறகு சேருங்கள்.

100 பேருக்குக் காய்கறி பிரியாணி: அரிசி 8 கிலோ, முழு மைசூர்ப் பருப்பு இரண்டரைக் கிலோ (பருப்பில்லாமல் டர்பன்காரர்கள் அதைப் பிரியாணி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள்), உருளை 5 கிலோ, மற்றக் காய் 6 கிலோ. ஒரே அண்டாவில் போட்டால் அடி கருகும், மேலே அரிசி வேகாது. நான்கு நான்கு கிலோவாக இரண்டு அண்டா. வாடகை அண்டா என்றால் இதற்கு முன் அதில் என்ன வெந்தது என்று கேட்டு எடுங்கள். வெந்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் வயிற்றைக் கலக்கும் கிருமி பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு சாகாது. பரிமாறும் வரை தம்மிலேயே இருக்கட்டும்.

முஸ்லிம் வீடுகளுக்கு வீட்டுச் சமையலே வேண்டாம். ஹலால் முத்திரையுள்ள, பிரிக்காத பேரீச்சம்பழப் பெட்டி. அதே அடுப்பில் யாராவது கேமன் (உப்பிட்ட பன்றித் தொடை) சுட்டிருந்தால் அவர்களுக்குச் சங்கடம், வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள்.

மரக்கிளை
அக்காவுக்கு நன்றி. பவனி நேரம்?

மெரிபேங்க்காரன்
இரவு 10 மணிக்கு முன்பின் தெரியாத கூட்டம் கேட்டில் நின்றால் இங்கே யாரும் பாட்டைக் கேட்கமாட்டார்கள், செக்யூரிட்டி கம்பெனிக்குத்தான் போன் போகும். ஒலிபெருக்கி வைத்தால் தெரு நாயெல்லாம் பின்பாட்டு.

கீதபவனி
இதில் அண்ணாவோடு சண்டையில்லை. இங்கே டிசம்பரில் ஏறக்குறைய 7 மணிக்குத்தான் சூரியன் மறையும், அதற்கு முன் மெழுகுவத்தி எடுபடாது. வெளிச்சத்திலேயே மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு கிட்டார், ஒரு தம்புரின். மாலை இடிமழை வரும், பாட்டுத்தாளைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். இரண்டு நாள் முன்பே வீடு வீடாகக் கேட்டு, 'வாருங்கள்' என்ற வீட்டு முன் மட்டும் நில்லுங்கள்.

மெரிபேங்க்காரன்
அப்படிக் கேட்டு வரும்போது 'இந்து வீடு, ஜெபிக்கவும்' என்று பெயரோடு பட்டியல் போட்டு வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். 2021 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவருடைய மத நம்பிக்கை தனிக் கவனம் வேண்டிய தகவல். பிரியாணி சாப்பிடும் பிள்ளைகளைப் படமெடுத்து ஊரிலுள்ள காணிக்கையாளர்களுக்கு அனுப்புவதும் பெற்றோர் சம்மதமில்லாமல் கூடாது. எனக்கு அட்டையைவிட இதுதான் பெரிய கோபம்.

கீதபவனி
காணிக்கை அனுப்புகிறவர்கள் கணக்குக் கேட்பார்களே?

மெரிபேங்க்காரன்
அண்டாவைப் படமெடுத்து அனுப்பட்டும்.

சமையற்கட்டு
குப்பை வண்டிக்காரர்கள் கிறிஸ்துமஸ் பாக்ஸ் (பண்டிகை அன்பளிப்பு) கேட்டு வருவார்கள், அது இங்கத்து வழக்கம். 60 வீட்டுக் கணக்கில் அவர்கள் இல்லை. நாலைந்து பொட்டலம் கூடுதலாகக் கட்டுங்கள். தீபாவளிக்கு வந்த தட்டுகள் இன்னும் அலமாரியில் இருந்தால் கேக்கை அந்தத் தட்டிலேயே வையுங்கள். எது யாருடையது என்று அடியில் இப்போதே சீட்டு ஒட்டிவிடுங்கள்.