அடையாளம் தெரியாத சடலம், 3 வருஷத் தேடல், இப்போ ஒரு பேரு கிடைச்சிருக்கு. அக்காவுக்கு போன் பண்ணலாமா?

பழுப்புத்தாள்:
எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிச்சிட்டு சொல்லுங்க. 3 வருஷமா ஒரே ஒரு கேஸைத்தான் பார்த்துட்டு இருக்கேன். 80கள்ல ஒரு கால்வாய் ஓரமா கிடைச்ச பொண்ணு, யாருன்னே தெரியாம ஒரு நம்பர் போட்டு புதைச்சிட்டாங்க, ஃபைல் இன்னும் மூடலைன்னு சொல்றாங்களே தவிர யாரும் தொறந்து பார்த்த மாதிரி தெரியல. நான் போலீஸும் இல்ல வக்கீலும் இல்ல, கணக்கு எழுதுற வேலை. வீட்ல எல்லாரும் தூங்குனப்புறம் பழைய பேப்பர் ஸ்கேன், காணாம போனவங்க லிஸ்ட், கோர்ட் ரெக்கார்டுன்னு உட்கார்ந்தா மணி ரெண்டு மூணு ஆயிடும். இதுவரைக்கும் 40 பேர் பேரை எடுத்து, 'இவங்க இல்ல'ன்னு ஒவ்வொண்ணா அடிச்சிருக்கேன்.

போன மாசம் ஒரு பேரு சிக்குச்சு. சடலம் கிடைக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடி வேற ஊர்ல காணாம போன பொண்ணு. முன்பல் ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி, இடது மணிக்கட்டுல சின்ன வயசுல எலும்பு முறிஞ்ச தடம், ரெண்டும் ரெண்டு பக்கத்துலயும் இருக்கு. உயரம் மட்டும் 2 இன்ச் இடிக்குது. வயசும் இடிக்குது, சடலத்துக்கு 15லேர்ந்து 19ன்னு போட்டிருக்காங்க, இந்தப் பொண்ணுக்கு 23. இவங்க அக்கா இன்னும் இருக்காங்க, நம்பரே கிடைச்சிடுச்சு. ரெண்டு தடவை டயல் பண்ணி ரிங் போறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். இன்னொண்ணு, கடைசியா பார்த்ததா சொன்ன ஒரு ஆள் பேப்பர்ல ரெண்டு தேதிக்கு ரெண்டு விதமா சொல்லியிருக்கார், எனக்கு அவர் மேல பலமா சந்தேகம். இதை எல்லாம் எங்க எப்படி சொல்றது? அக்காகிட்ட முதல்ல சொல்றதுதானே நியாயம்?

கோப்புக்காரன்:
போனை கீழ வச்சதுக்கு உங்களை கும்பிடணும் சகோ, இனிமேலும் எடுக்காதீங்க. 12 வருஷமா இதே வேலையா இருக்கேன், அடையாளம் தெரியாதவங்க கேஸ் மட்டும்தான் பார்ப்பேன், யாரு கொன்னாங்கங்கிற பக்கமே போறதில்ல, ஏன்னா பேரு தெரியாம அதை யோசிச்சு பிரயோஜனமே இல்ல. செத்தது யாருன்னு தெரிஞ்சாதானே அவங்களை யாருக்குத் தெரியும்னு தேட முடியும்.

உயரம், வயசு இடிக்குதுன்னு சொன்னீங்க, அதை வச்சு இந்தப் பேரை அடிச்சிடாதீங்க. காணாம போனவங்க உயரம் வீட்டு ஆளுங்க ஞாபகத்துலேர்ந்து சொல்றது, இல்ல லைசென்ஸ்ல அவங்களே எழுதிக்கிட்டது. எலும்பை வச்சு கணக்கு போட்டாலும் மூணு நாலு சென்டிமீட்டர் அப்படி இப்படி ஆகும். வயசுக்கு 'டென்ட் கேர்ள்' கேஸைப் பாருங்க. 1968 மே மாசம், அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம் ஜார்ஜ்டவுன் பக்கத்துல டென்ட் துணியில சுத்திக் கிடந்த பொண்ணு. 16லேர்ந்து 19 வயசுன்னு முடிவு பண்ணாங்க, எல்லாரும் காணாம போன டீன் ஏஜ் பொண்ணுங்களையே தேடிட்டு இருந்தாங்க. கடைசியில பார்த்தா 24 வயசு, கல்யாணம் ஆகி குழந்தை இருந்தவங்க. உடம்போட கிடைச்ச வெள்ளைத் துணியை டவல்னு நினைச்சாங்க, அது குழந்தைக்குக் கட்டுற துணியா இருக்கலாம்னு அப்புறம்தான் தோணுச்சு. அந்த ஒரு துணியை சரியா பார்த்திருந்தா தேடுன திசையே மாறியிருக்கும், எனக்கு இன்னைக்கும் நெஞ்சு அடைக்கிற விஷயம் இது.

அவங்க பேரைக் கண்டுபிடிச்சது டாட் மேத்யூஸ்னு ஒரு ஃபேக்டரி தொழிலாளி, உடம்பை முதல்ல பார்த்தவரோட மருமகன். வருஷக்கணக்கா ராத்திரி ராத்திரி தேடி, 1998 ஜனவரில அந்தப் பொண்ணோட தங்கச்சி இன்டர்நெட்ல எழுதி வச்சிருந்த நாலு வரியைப் பார்த்தார். அப்புறம் தோண்டி எடுத்து டிஎன்ஏ பார்த்து உறுதி பண்ணாங்க. அவர் அந்தத் தங்கச்சியோட பேசினது உண்மைதான், ஆனா அங்க அவங்களே 'எங்க அக்காவைத் தேடுறோம்'னு வெளிய வந்து நின்னவங்க. உங்க கேஸ்ல அந்த அக்கா யாரையும் கூப்பிடல, நீங்கதான் போய் கதவைத் தட்டப் போறீங்க, ரெண்டும் ஒண்ணு இல்ல.

செய்ய வேண்டியது இதான். ஒரே ஒரு பக்கம் எழுதுங்க, சடலத்தோட கேஸ் நம்பர், காணாம போன கேஸ் நம்பர், எது எது ஒத்துப்போகுது, எது இடிக்குது, ஒவ்வொண்ணும் எந்தப் பேப்பர் எந்தத் தேதில இருக்கு. இடிக்கிறதை மறைக்காம எழுதணும், அதைப் பார்த்தாதான் படிக்கிற அதிகாரி உங்களை நம்புவார். ரெண்டு ஃபைலையும் வச்சிருக்கிற ரெண்டு ஆபீசுக்கும் அனுப்புங்க. பல் சார்ட் இருக்கா, மணிக்கட்டு எக்ஸ்ரே இருக்கான்னு கேளுங்க, அது ரெண்டும் இருந்தா ஒத்துப் பார்க்க ரொம்ப நேரம் ஆகாது. அனுப்புறதுக்கு முன்னாடி இன்னொண்ணு, அமெரிக்காவுல காணாம போனவங்களுக்கும் அடையாளம் தெரியாத சடலங்களுக்கும்னு இருக்கிற நேமஸ் டேட்டாபேஸ்ல ஒவ்வொரு சடலத்துக்கும் 'இவங்க இல்ல'ன்னு ஏற்கெனவே கழிச்ச பேருங்க லிஸ்ட் இருக்கும், உங்க கேஸுக்கும் அப்படி ஒண்ணு இருக்கான்னு பாருங்க. என் முதல் மூணு வருஷத்துல நான் அனுப்புன ஏழு பேரும் ஏற்கெனவே கழிச்ச பேருங்கதான்.

வேர்தேடி:
டிஎன்ஏ வழியா குடும்ப மரம் போட்டு ஆளைத் தேடுற வாலன்டியர் நான், ஒரு விஷயம் சேர்த்துக்கிறேன். பல் சார்ட் தொலைஞ்சு போச்சுன்னா மனசு விட்டுடாதீங்க, ஃபைல்ல எலும்போ பல்லோ முடியோ மிச்சம் இருக்கான்னு கேளுங்க. ஆஸ்திரேலியாவுல 1948 டிசம்பர் 1 அன்னைக்கு அடிலெய்டு கடற்கரையில கிடைச்ச சோமர்டன் மனிதர் கேஸ்ல, முகத்துக்கு எடுத்த பிளாஸ்டர் அச்சுல ஒட்டியிருந்த முடிதான் உதவுச்சு, அதை வச்சு 2022ல பேராசிரியர் டெரெக் அபாட்டும் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் கார்ல் வெப்ங்கிற பேரை சொன்னாங்க. 74 வருஷம் கழிச்சு, உளவாளின்னு உலகமே பேசின ஆளு மெல்போர்ன்ல பிறந்த ஒரு இன்ஜினியர்ங்கிறது அவங்க முடிவு.

நாங்க பண்றது பெரிய மந்திரம் எல்லாம் இல்ல. ஜனங்க தங்களோட டிஎன்ஏவைப் போட்டு வச்சிருக்கிற டேட்டாபேஸ்ல தூரத்துச் சொந்தம் ஒருத்தர் வருவார், ரெண்டு பேருக்கும் எள்ளுத்தாத்தா ஒருத்தர்ங்கிற அளவுக்கு தூரம். அந்த எள்ளுத்தாத்தாவைக் கண்டுபிடிச்சு, அங்கேர்ந்து பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன்னு எல்லாக் கிளையும் கீழ இறக்கணும், சில மரத்துல ஆயிரக்கணக்குல பேரு வந்துடும். அதுல வயசு, ஊரு, காலம் எல்லாம் பொருந்துற ஆளைத் தேடணும். 2018 ஏப்ரல்ல கலிஃபோர்னியாவுல ஜோசப் டிஏஞ்சலோங்கிற தொடர் கொலைகாரனைப் பிடிச்சது இப்படித்தான், 13 கொலை, அப்போ அவருக்கு 72 வயசு.

உங்க சந்தேக ஆள் விஷயத்துக்கும் இதுதான் பதில். அந்த கேஸுக்குப் பின்னாடி வருஷக்கணக்கா சந்தேக லிஸ்ட் போட்டவங்க எத்தனை பேர், ரிட்டயர்டு டிடெக்டிவ் உட்பட. எழுத்தாளர் மிஷெல் மெக்னமாரா அதுக்காகவே ராத்திரி எல்லாம் முழிச்சு உழைச்சு, 2016ல, ஆள் பிடிபடுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி இறந்துபோனாங்க. பழைய போலீஸ்காரர் ஒருத்தர்தான் அவன்னு அப்போ யாருக்கும் தெரியாது. ஒருத்தர் பேப்பர்ல தேதி மாத்தி சொன்னார்ங்கிறதை வச்சு, நிருபர் தப்பா எழுதியிருக்கலாம்னுகூட யோசிக்காம, வெளிய பேரு போட்டுடாதீங்க ப்ரோ. உங்க ஒரு பக்கத்துல 'இந்த ரெண்டு செய்தியும் ஒத்துப்போகல'ன்னு மட்டும் எழுதுங்க, மிச்சத்தை அவங்க விசாரிக்கட்டும்.

அண்ணனுக்குத் தங்கை:
நான் அந்தப் பக்கத்துல இருக்கிறவ, அதனால சொல்றேன். எங்க அண்ணன் காணாம போய் 19 வருஷம். இதுவரை நாலு பேர் போன் பண்ணி 'கண்டுபிடிச்சிட்டோம்'னு சொல்லியிருக்காங்க, நாலு பேரும் நல்ல மனசோடதான் பண்ணாங்க, கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். ரெண்டாவதா பேசினவர் ஒரு சடலத்தோட முகத்தை வரைஞ்ச படம் அனுப்பினார், அம்மாவும் நானும் ராத்திரி முழுக்க அதைப் பார்த்துட்டே இருந்தோம். காதோர மச்சம் இடதா வலதான்னு அம்மா கேட்டாங்க, எனக்கு சொல்லத் தெரியல, அவங்களுக்கும் தெரியல. மூணு மாசம் கழிச்சு டிஎன்ஏ டெஸ்ட்ல அது அண்ணன் இல்லைன்னு வந்துச்சு. ஆனா இப்பவும் அண்ணனை நினைச்சா முதல்ல அந்தப் படம்தான் கண்ணு முன்னாடி வருது, அவன் நிஜ முகம் அதுக்கு அப்புறம்தான் வருது.

2013ல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு அப்போ, காணாம போன ஒரு காலேஜ் பையனைத்தான் குண்டு வச்சவன்னு ஆன்லைன்ல தேடுனவங்க பரப்பினாங்க. அவன் வீட்ல தேடிட்டு இருந்த அதே நாள்ல, 'எங்க பையனைப் பார்த்தீங்களா'ன்னு அவங்க போட்ட பக்கத்துலயே வந்து திட்டினாங்க. அவன் அதுக்கு முன்னாடியே இறந்துபோயிருந்தான். அந்த அம்மாவை நான் தினமும் நினைக்கிறேன்.

தேடாதீங்கன்னு சொல்லல பழுப்புத்தாள், தயவுசெஞ்சு தேடுங்க, எங்களை மாதிரி ஆளுங்களுக்காக ராத்திரி முழிச்சிருக்கிறவங்க இருக்காங்கன்னு தெரியறதே பெரிய தெம்பு. உறுதியான பிறகு, அதுக்குன்னு இருக்கிறவங்க வந்து, அந்த அக்காவை உட்கார வச்சு சொல்லட்டும்.

மேட்டுத்தெரு:
ஒரு மாற்றுக் கருத்து. ஆபீசுக்கு அனுப்பிட்டு சும்மா இருந்தா சில ஃபைல் அப்படியே கிடக்கும். கலிஃபோர்னியாவுல 1996ல காணாம போன கிரிஸ்டின் ஸ்மார்ட் கேஸை எடுத்தவர் கிறிஸ் லாம்பர்ட்னு ஒரு பாட்டுக்காரர், 2019ல பாட்காஸ்ட் ஆரம்பிச்சு பழைய ஆளுங்களைத் தேடித் தேடிப் பேசினார், புது சாட்சிங்க வந்தாங்க, 2021ல கைது, 2022ல கொலைக் குற்றம்னு ஜூரி சொல்லுச்சு. பாட்காஸ்ட் உதவுச்சுன்னு ஷெரிஃபே சொன்னார். அதனால ஆறு வாரத்துல பதில் வரலைன்னா திரும்ப எழுதுங்க, திரும்பத் திரும்ப எழுதுங்க.

கோப்புக்காரன்:
ஒத்துக்கிறேன், ஆனா அங்க யாரைத் தேடுறோம்னு முதல் நாள்லேர்ந்தே தெரியும். இங்க பொண்ணு யாருன்னே தெரியல.

பழுப்புத்தாள்:
எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். அண்ணனுக்குத் தங்கை, நீங்க எழுதினதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, அக்கா நம்பரை போன்லேர்ந்து அழிச்சிட்டேன். கழிச்ச பேருங்க லிஸ்ட் எங்க கேஸுக்கும் இருந்துச்சு, 3 வருஷமா நான் அந்தப் பக்கத்தைக் கீழ வரைக்கும் இறக்கிப் பார்த்ததே இல்ல. 11 பேரு இருக்கு. நான் உட்கார்ந்து அடிச்ச 40ல 6 பேரு அதுல இருக்காங்க. இந்தப் பொண்ணு பேரு அதுல இல்ல. ஒரு பக்கம் எழுதி இன்னைக்கு காலையில ரெண்டு ஆபீசுக்கும் அனுப்பிட்டேன், உயரம் 2 இன்ச் இடிக்குதுங்கிறதை முதல் வரியிலயே போட்டிருக்கேன்.