ஷைனி கல்யாணம் 💒 சொந்தக்காரங்க மட்டும்

ஷைனி: 📷 ஃபோட்டோ

ஷைனி: இந்த மாதிரி சாட்டின் கவுன்தான் வேணும், எல்லாருக்கும் ஓகேவா? வண்ணார்பேட்டைல துணி கூட பாத்துட்டேன் மீட்டர் 220 தான் "சில்க் சாட்டின்"னு அட்டையே ஒட்டிருக்கு

பெரியம்மா: அழகா இருக்கு மக்களே. கை மட்டும் வச்சு தைக்கச் சொல்லு சர்ச் ஐயர் ஏதாவது சொல்லிரப் போறாரு 🙏

அம்மா: நான் சொல்றத யாரு கேக்காவ. வெள்ளைப் பட்டு எடுத்தா பொறவு ஞாயித்துக்கெழம கோயிலுக்குக் கட்டலாம். இத பீரோல தொங்கவிட்டு பாத்துட்டே இருக்கவா

ராஜன் சித்தப்பா: 1840ல விக்டோரியா ராணி வெள்ளை சாட்டின் போட்டு ஆரம்பிச்சு வச்ச வேல இது. அவ கல்யாணம் லண்டன்ல பிப்ரவரி மாசக் குளுருல. நமக்கு மே மாசம் பாளையங்கோட்டை கத்திரி வெயிலு 😂😂

ஷைனி: லெந்து நோன்பு முடியட்டும், ஸ்கூல் லீவு விடட்டும்னு மே மாசம் தேதி வச்சதே நீங்கதான் சித்தப்பா

ராஜன் சித்தப்பா: 🗑 இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது

ஜெசி சித்தி: ஏட்டி ஷைனி 220க்கு பட்டு வராது. சாட்டின்ங்கிறது நெசவு தான், நூல மேல மேல மிதக்கவிட்டு நெய்வாவ அதான் முன்பக்கம் பளபளன்னு பின்பக்கம் மங்கலா இருக்கும். பட்டுலயும் நெய்யலாம் பாலியஸ்டர்லயும் நெய்யலாம், கடைக்காரன் சாட்டின்னு சொன்னா பாதி பதில் தான் சொல்லிருக்கான். சாம்பிள் கைல இருந்தா ஓரத்துல ரெண்டு நூல் உருவி தீக்குச்சி காட்டிப் பாரு. பட்டுனா முடி கருகுன வாடை வரும், சாம்பல் தொட்டா பொடியும்

ஷைனி: 📷 ஃபோட்டோ

ஷைனி: உருகி கருப்பு மணி மாதிரி கெட்டியா ஆயிட்டு சித்தி 😭 ஒரே பிளாஸ்டிக் நாத்தம்

ஜெசி சித்தி: முழு பாலியஸ்டர்

அம்மா: அடுப்படில என்ன வாடைன்னு பாத்தேன்

பிரின்ஸி அக்கா: நான் போன மே ரிசப்ஷனுக்கு இதே துணிதான் போட்டேன்டி, அரைமணி நேரத்துல ரெண்டு அக்குளும் நனைஞ்சு தட்டு சைஸுக்கு கறை, சாட்டின்ல ஈரம் பட்டா அப்படியே இருட்டாத் தெரியும், ஆல்பம் முழுக்க தேடிப்பாரு ஒரு படத்துலயும் நான் கையத் தூக்கிருக்க மாட்டேன்

ஷைனி: அப்போ கவுனே வேண்டாங்கீங்களா

ஜெசி சித்தி: யாரு சொன்னா. உடம்புல ஒட்டுற இடம் எது தள்ளி நிக்கிற இடம் எதுன்னு பிரிச்சுப் பாரு. பாவாடை விரிஞ்சு தள்ளித்தான் நிக்கும், அதுக்கு மேல ஆர்கன்சா போடு, வெறப்பா நிக்கும் காத்தும் போகும், அது பாலியஸ்டரா இருந்தாலும் பாதகமில்ல. ஆனா அயர்ன் பொட்டி சூட்ட கொறச்சு வைக்கணும் இல்லன்னா சுருங்கிப் போகும். மேல்பாகத்துக்கு பட்டு க்ரேப் எடு, அதிகம் மின்னாது, உடம்போட வளைஞ்சு விழும். உள்ள லைனிங் மல்மல், அந்த மெல்லிசு காட்டன். எல்லாரும் மேல்துணிக்கு பத்து கடை ஏறுவாவ, லைனிங்க டெய்லர் தலைல விட்டுருவாவ, அவரு பாலியஸ்டர் லைனிங் போட்டுட்டாருன்னா மேல எவ்வளவு பட்டு போட்டும் பிரயோஜனம் இல்ல. மல்மல தண்ணில நனைச்சு காயப்போட்டு பொறவு வெட்டச் சொல்லு, சுருங்குற துணி அது

பிரின்ஸி அக்கா: பாவாடைய விரிச்சு நிக்க வைக்க உள்ள போடுற கேன்கேன் நெட்டுக்கு அடில ஒரு காட்டன் பாவாடை கட்டாயம்டி, இல்லன்னா ஆராதனை முடியிறதுக்குள்ள கால் பூரா அரிச்சு சிவந்துரும்

பெரியம்மா: தூய வெள்ளையா சந்தன வெள்ளையா

பிரின்ஸி அக்கா: ஐவரி பெரியம்மா. சுத்த வெள்ளைல ஃபிளாஷ் அடிச்சா வேலைப்பாடு ஒண்ணும் தெரியாது, பட்டுக்கு இயல்பே லேசா கிரீம் தான். தலை நெட்டையும் அதே துணி பக்கத்துல வச்சுப் பாத்து எடுங்க, கடை டியூப் லைட்ட நம்பாதீங்க வாசலுக்கு கொண்டு வந்து பாருங்க

ஷைனி: எத்தன மீட்டர் வாங்க

ஜெசி சித்தி: மொதல்ல அகலம் கேளு. 44 இஞ்சும் உண்டு 58 இஞ்சும் உண்டு, விரிஞ்ச பாவாடைக்கு ரெண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும். அளவு டெய்லர் கிட்ட கேட்டுட்டுப் போ. எல்லாம் ஒரே தடவைல ஒரே சுருள்ல இருந்து வாங்கிரு, பொறவு அரை மீட்டர் கொறஞ்சுன்னு போனா நிறம் சேராது

ராஜன் சித்தப்பா: மாப்பிள்ளைக்கு கோட்டு சூட்டு. அவன் வேர்த்தா யாரு கேப்பா 😄

அம்மா: சரி கவுனே தைங்க. ஆனா சாயங்காலம் ரிசப்ஷனுக்கு கட்டுற பட்டு நான் எடுக்கது தான், அதுல யாரும் வாயத் தெறக்கக் கூடாது

ராஜன் சித்தப்பா: ஆமென் 🙏

ஷைனி: அம்மா அந்த மாம்பழக் கலர் மட்டும் வேண்டாம்மா ப்ளீஸ்