லோ கார்ப் டயட்டில் வொர்க்அவுட் எந்த நேரத்தில்? வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா?

நடைப்பயணி:
லோ கார்ப் தொடங்கி 12 நாள் ஆகிறது. மாவுச்சத்து ஒரு நாளைக்கு 40 கிராமுக்குள். எடை 82 கிலோ. பகல் 12:30, இரவு 7:30 என்று இரண்டே வேளை சாப்பாடு. வாரம் 3 நாள் காலை 5:45க்கு வெறும் வயிற்றில் எடைப் பயிற்சி, இன்னும் 2 நாள் அதே நேரத்தில் 20 நிமிடம் ஹெச்ஐஐடி (அதிவேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி). ஸ்குவாட்டில் (பளுவோடு உட்கார்ந்து எழுவது) முதல் இரண்டு செட் சரியாகப் போகிறது, மூன்றாவது செட்டில் 10 வர வேண்டிய இடத்தில் 6தான் வருகிறது. பெஞ்சிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. வெறும் வயிற்றில் செய்தால்தான் கொழுப்பு கரையும் என்று எல்லோரும் சொல்வதால் நேரத்தை மாற்றத் தயக்கம். மாலைக்கு மாற்றலாமா? இல்லை, காலையிலேயே ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுச் செய்யலாமா? மாத்திரை எதுவும் எடுப்பதில்லை.

எடைத்தட்டு:
முதலில் அந்த வெறும் வயிற்றுக் கணக்கைத் தீர்த்துவிடலாம். சாப்பிடாமல் பயிற்சி செய்தால் அந்த ஒரு மணி நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரியும் என்பது உண்மைதான். ஆனால் மீதி 23 மணி நேரத்தில் உடம்பு அதை ஈடுகட்டிவிடுகிறது. 2014இல் வந்த ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, 4 வாரம், வாரத்துக்கு 3 நாள், ஒரு மணி நேரம் கார்டியோ செய்யவைத்தார்கள். ஒரு குழு வெறும் வயிற்றில், இன்னொரு குழு சாப்பிட்டுவிட்டு. இருவருக்கும் கலோரி குறைத்த உணவுதான். கொழுப்பு இரு குழுவிலும் இறங்கியது, குழுக்களுக்கு இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. லோ கார்பில், கொழுப்பு எரிவதை மட்டுப்படுத்தும் இன்சுலின் நாள் முழுக்கத் தாழ்வாகத்தான் இருக்கும், அதனால் வெறும் வயிற்றால் கிடைக்கும் கூடுதல் லாபம் இன்னும் குறைவு. எந்த நேரத்தில் பளு நன்றாகத் தூக்க முடிகிறதோ அதுதான் உங்களுக்கு நல்ல நேரம்.

மூன்றாவது செட் ஏன் விழுகிறது? 10 ஸ்குவாட் முடிக்க 30, 40 விநாடி ஆகும். முதல் 10 விநாடியைப் பெரும்பாலும் தசையில் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற உடனடி சக்திப் பொருள் பார்த்துக்கொள்ளும். அதற்கு மேல் தசையில் சேமித்த மாவுச்சத்தான கிளைகோஜன் வேண்டும். 12 நாளில் அந்தக் கையிருப்பு நன்றாகக் குறைந்திருக்கும், கொழுப்பிலிருந்து அந்த வேகத்துக்கு சக்தி வராது. எனவே 3×10ஐ (3 செட், செட்டுக்கு 10 முறை) விட்டுவிட்டு 5×5க்கு (5 செட், செட்டுக்கு 5 முறை) மாறுங்கள். எடை அதேதான். செட்டுக்கு நடுவே முழுசாக 3 நிமிடம் ஓய்வு, கிரியேட்டின் பாஸ்பேட் திரும்ப நிரம்ப அவ்வளவு நேரம் தேவை. 90 விநாடியில் அடுத்த செட்டுக்குப் போனால் பழைய கதைதான். ஒவ்வொரு செட்டையும் இன்னும் 2 முறை தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள்.

ஹெச்ஐஐடியை முதல் 4 வாரத்துக்கு எடுத்துவிடுங்கள். முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேசக்கூடிய வேகத்தில் 45 நிமிட நடை போதும். அதை எந்த நேரத்திலும் செய்யலாம், வெறும் வயிற்றிலும்தான்.

உயிர்வேதியல்:
கண் இருட்டுவதை இதோடு சேர்க்காதீர்கள், அது பெரும்பாலும் உப்பு விஷயம். இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்துவைக்காமல் வெளியே விடும், கூடவே தண்ணீரும் போகும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும், அதுவும் கழன்றுவிடும். முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கிய எடையில் பெரும்பங்கு இதுதான். இரத்தத்தின் கன அளவு குறைந்திருக்கும்போது படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் மங்கும். இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காத விடியற்காலையில் இன்னும் மோசம்.

எழுந்தவுடன் 500 மில்லி தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, அதாவது சுமார் 1.5 கிராம், கரைத்து 10 நிமிடத்தில் மெதுவாகக் குடியுங்கள். அரை மணி கழித்துப் பயிற்சி. அரை டம்ளரில் ஒரு டீஸ்பூன் போட்டு ஒரே மடக்கில் குடித்தால் குடல் தண்ணீரை இழுத்துப் பேதியாகும், கைவசம் இருந்த உப்பும் போய்விடும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தவறு, இருக்கிற சோடியம் நீர்த்துப்போகும். லோ கார்பில் நாளுக்கு மொத்தம் 3 முதல் 5 கிராம் சோடியம் என்று பரிந்துரைப்பார்கள், சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து. ஒரு டீஸ்பூன் உப்பில் சுமார் 2.3 கிராம் சோடியம்.

இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் இவற்றில் பிரச்சினை உள்ளவர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு உப்பைக் கூட்டக் கூடாது, மருத்துவரைக் கேட்டுத்தான். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் 5 நிமிடம் படுத்துவிட்டு ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடத்தில் ஒவ்வொருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நான்கைந்து நாளில் இருட்டல் நிற்காவிட்டாலோ டாக்டரைப் பாருங்கள்.

நடைப்பயணி:
மிக்க நன்றி. மாலை 6 மணிக்கு மாற்றினால் மதியச் சாப்பாட்டுக்கும் அதற்கும் இடைவெளி போதுமா? வாழைப்பழம் பற்றியும் சொல்லுங்கள்.

விடிவெள்ளி:
தாராளமாகப் போதும். கொழுப்பு நிறைந்த சாப்பாடு வயிற்றைவிட்டு நகர நேரம் எடுக்கும். சாப்பிட்டு 2 மணி நேரத்துக்குள் கனமான ஸ்குவாட் போட்டால் எதுக்களிக்கும். 3, 4 மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும், உங்களுக்கு ஐந்தரை மணி நேரம் இருக்கிறது.

உங்கள் அட்டவணையில் எனக்கு உறுத்துவது புரதம். இரவு 7:30க்கு அடுத்த சாப்பாடு மறுநாள் 12:30க்கு. நடுவில் 17 மணி நேரம். அந்த இடைவெளிக்குள் பளு தூக்கிவிட்டு, அப்புறமும் ஆறு மணி நேரம் தசைக்கு ஒன்றும் தராமல் விடுகிறீர்கள். எடை குறைக்கும் காலத்தில் தசை போகாமல் காக்க கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் என்றால் உங்களுக்கு நாளுக்கு சுமார் 130 கிராம், வேளைக்கு 65. மாலை 6 முதல் 7 வரை பயிற்சி, 7:30க்கு 65 கிராம் புரதம் என்று வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. காலைதான் முடியும் என்றால் முதல் சாப்பாட்டை 8 மணிக்குக் கொண்டுவாருங்கள், இரவுச் சாப்பாட்டை முன்னால் தள்ளினாலும் சரி.

காலைக்கு எதிராக இன்னொன்று. இரவில் படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் தண்ணீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து பளு எடுத்தால் அவற்றின் மேல் விழும் அழுத்தம் அதிகம். டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பளுவைத் தூக்குவது) செய்யும் நாட்களையாவது மாலைக்கு நகர்த்துங்கள்.

தூக்கம் கெடாமல் இருக்க, பயிற்சிக்கும் படுக்கைக்கும் இடையே ஒன்றரை மணியாவது இருக்கட்டும். காபி பிற்பகல் 2க்கு மேல் வேண்டாம், கஃபீனில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரம் பிடிக்கும்.

எடைத்தட்டு:
வாழைப்பழம் இப்போது வேண்டாம் என்பது என் கருத்து. நடுத்தரப் பழத்தில் சுமார் 27 கிராம் மாவுச்சத்து, 40இல் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அதன் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி ஃப்ரக்டோஸ், அது முதலில் கல்லீரலுக்குத்தான் போகும், தசைக்கு நேராக வராது. 5 வாரம் கழித்தும் செட் விழுந்தால் கனமான நாளில் மட்டும், 30 நிமிடம் முன்பு 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துப் பாருங்கள், 40க்குள் கணக்கு வைத்து.

விடிவெள்ளி:
இதில் கொஞ்சம் வேறுபடுகிறேன். குறிக்கோள் இரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது கல்லீரல் உண்டாக்கும் பொருள்) எவ்வளவு என்ற எண் இல்லை, கொழுப்பு குறைவது. மொத்தக் கலோரி மீறாவிட்டால் அரைப் பழத்தால் ஒன்றும் கெடாது. ஆனால் உப்பு, செட் முறை, நேரம், பழம் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. இந்த வாரம் உப்பும் 5×5உம், அடுத்த வாரம் மாலை நேரம். கடைசி செட்டில் எத்தனை வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

உயிர்வேதியல்:
இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும்: இன்சுலின் அல்லது கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் லோ கார்பையும் வெறும் வயிற்றுப் பயிற்சியையும் சேர்த்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே கீட்டோஅசிடோசிஸ் (கீட்டோன் அமிலம் இரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்வது) வரும் அபாயம் உண்டு. குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மாத்திரை அளவை மருத்துவர் மாற்றித் தராமல் இந்த டயட்டைத் தொடங்காதீர்கள்.