நியூட்ரலில் கரகரப்பு, கிளட்சை மிதித்தால் அமைதி: கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி (தாண்டிக்குடி, காபித் தோட்டம்)

அண்ணன்மார்களுக்கு வணக்கம். எங்களிடம் இருப்பது அப்பா 1994-இல் எடுத்த எம்எம்540 ஜீப். பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி, நாலு கியர். தோட்டத்துக் காபியும் மிளகும் இதில்தான் வத்தலக்குண்டுக்கு இறங்குகின்றன. அப்பா இருந்தவரை கிளட்ச் பெடலில் சும்மா கால் வைக்கக்கூட என்னை விடமாட்டார். இப்போது வண்டி என் கையில்.

வண்டியை நிறுத்தி நியூட்ரலில் விட்டால் கியர்பாக்ஸ் பக்கமிருந்து கரகரவென்று, அம்மியில் கல் உப்பை நுணுக்குவது போல ஒரு சத்தம். கிளட்சை மிதித்தால் சட்டென்று நிற்காது. ஒன்றிரண்டு விநாடியில் பம்பரம் ஓய்கிற மாதிரி தேய்ந்து அடங்கும். காலை எடுத்ததும் மறுபடி ஆரம்பம். காலையில் எடுக்கும்போது அவ்வளவாக இல்லை, மலை ஏறி வண்டி சூடானால் அதிகம்.

கீழே ஒரு பட்டறையில் காட்டினேன். ரிலீஸ் பேரிங்தான் என்று பாக்ஸை இறக்கி மாற்றினார்கள். மேலே வந்தால் அதே சத்தம். திரும்பப் போய்ச் சொன்னதற்கு, பாக்ஸே போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் ஒன்று போட்டுவிடலாம் என்கிறார்கள். எவர் ஓட்டியதோ தெரியாத இன்னொரு பழைய பாக்ஸை வாங்க மனசு வரவில்லை. வேறு வழி உண்டா?

பதில் (போடி, ஜீப் மெக்கானிக்)

தம்பி, பாக்ஸை வாங்காதீர்கள். பம்பரம் ஓய்கிற மாதிரி என்று எழுதினீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

ரிலீஸ் பேரிங் என்பது மிதிக்கும்போது வேலை செய்கிற சாமான். அது போயிருந்தால் பெடலை மிதிக்க மிதிக்கச் சத்தம் வரும், விட்டால் போகும். உங்களுக்கு நேர் எதிர். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்வதற்கு முன் பெடல் சும்மா இறங்குகிற தூரம்) இல்லாமல் பேரிங் எப்போதும் தான் தள்ளவேண்டிய கிளட்ச் ஃபிங்கரில் உரசிக்கொண்டிருந்தால் மிதிக்காதபோதும் சத்தம் வரலாம், ஆனால் லேசாகக் கால் வைத்த உடனே அது மாறிவிடும். ஓய்ந்து ஓய்ந்து நிற்காது. இன்ஜின் பின்னால் சுற்றுகிற கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நடுவில் இருக்கிற பைலட் பேரிங் என்றால் பெடலை முழுக்க அழுத்திப் பிடிக்கும்போதுதான் கத்தும்.

நியூட்ரலில் பெடலை விட்டிருக்கும்போது கிளட்சிலிருந்து பாக்ஸுக்குள் வருகிற இன்புட் ஷாஃப்டும், அதோடு பல் கோத்து அதற்குக் கீழே இருக்கிற லே ஷாஃப்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். மிதித்தால் இன்ஜினோடு தொடர்பு விட்டு, உள்ளே இருக்கிற ஆயிலில் மெதுவாக நிற்கும். அந்த ஒன்றிரண்டு விநாடி அதுதான். இந்த இரண்டில் எது என்று ஓட்டிப் பாருங்கள். டாப் கியரில், அதாவது நாலாவதில், விசை இன்புட்டிலிருந்து நேராகப் பின்னால் போகும், லே ஷாஃப்டுக்குச் சுமை கிடையாது. ஆகவே மூன்றாவது கியர் வரை முனகிவிட்டு டாப்பில் சத்தம் குறைந்தால் லே ஷாஃப்ட் பேரிங். எல்லா கியரிலும் ஒரே மாதிரி வந்தால் இன்புட் பேரிங்.

பதில் (வால்பாறை)

நண்பரே, இறக்குவதற்கு முன் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். என் வண்டியிலும் இதே கதைதான். நியூட்ரலில் கடகட, மிதித்தால் அமைதி. பேரிங் என்று நம்பிப் பாக்ஸைப் பிரித்து, எல்லாம் நன்றாக இருந்ததைப் பார்த்து அப்படியே மூடினோம். கடைசியில் கிளட்ச் பிளேட் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் லூஸாகி ஆடியிருக்கிறது. போதாதற்கு டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் ஒன்று சரியில்லாமல், இன்ஜின் ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) துள்ளியது. டீசல் இன்ஜினின் அந்த அதிர்வை ஸ்பிரிங்தான் வாங்க வேண்டும். அது வாங்காவிட்டால் கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும்.

ஐடிலைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். ஏற்றியதும் சத்தம் மறைந்தால் பற்கள் தட்டுகிற சத்தம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறினால் போடி அண்ணன் சொல்வதுதான்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டுவிட்டு, சீட்டுக்கு நடுவில் தரைத் தகட்டைக் கழற்றினேன். அக்கா மகன் பெடலில் உட்கார்ந்தான். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை பாக்ஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். முன்பக்கம் கீழே வைத்தால் கரகரப்பு காதுக்குள்ளேயே அரைக்கிறது, பின்பக்கம் மங்கல். ஐடிலை ஏற்றினால் சத்தமும் ஏறுகிறது. ஓட்டிப் பார்த்ததில் மூன்றாவது வரை முனகல், டாப்பில் பெரும்பாலும் இல்லை.

அப்புறம் ஆயிலை இறக்கினேன். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் விட்டு எடுத்தால் சாம்பல் நிற மை போல அப்பிக்கொண்டு வந்தது. துடைத்துப் பார்த்தால் உள்ளே பூண்டுத் தோல் மாதிரி மெல்லிய செதில் நான்கைந்து.

பதில் (போடி, ஜீப் மெக்கானிக்)

மை இருந்தால் பயமில்லை, இந்த வயசு வண்டியில் இருக்கும். செதில்தான் பேரிங்கின் ஓட்டப்பாதை உரிந்து வந்தது. இனி ஓட்டாதீர்கள், அந்தச் செதில் பல்லுக்கிடையில் போனால் கியரும் போகும்.

ஒன்று கேட்கிறேன். இறக்கும்போது ஆயில் அளவு சரியாக இருந்ததா? கியர்பாக்ஸுக்குப் பின்னால், விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கிற ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸின் ஃபில்லர் பிளக்கையும் (ஆயில் ஊற்றுகிற துளையின் மூடி) திறந்து பாருங்கள். பேரிங் தானாகப் போகவில்லை, ஏதோ ஒன்று அதைப் பட்டினி போட்டிருக்கிறது.

கேட்டவர்

அண்ணே, ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் பிளக்கைத் தளர்த்தியதும் ஆயில் கையில் வழிந்து சட்டைக்கை வரை வந்துவிட்டது! இங்கே மட்டத்துக்கு மேல். கியர்பாக்ஸிலிருந்து இறங்கியதோ மிகக் குறைவு. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாததால் நான் சந்தேகப்படவே இல்லை.

பதில் (போடி, ஜீப் மெக்கானிக்)

இரண்டு பாக்ஸுக்கும் நடுவில் இருக்கிற சீல் போய்விட்டது. ஆயில் வெளியே போகாமல் பின்னால் போய்ச் சேர்ந்திருக்கிறது. பேரிங் மாற்றுகிறவர் இந்த சீலை மாற்றாமல் மூடினால் மறுபடி இதே நிலைமைதான், பக்கத்திலேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். பாக்ஸ் இறங்கியிருக்கும்போது கிளட்ச் பிளேட்டையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

கேட்டவர் (பதினைந்து நாள் கழித்து)

வேறு பட்டறையில் பிரித்தோம். லே ஷாஃப்ட் முன் பேரிங்கின் ஓட்டப்பாதையில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. கியர் பற்கள் எல்லாம் நல்லபடியாக இருக்கின்றன. லே ஷாஃப்ட் பேரிங், இன்புட் பேரிங், பைலட் பேரிங், நடு சீல் எல்லாம் புதிது. வால்பாறை நண்பர் சொன்னதும் வீண்போகவில்லை, கிளட்ச் பிளேட்டில் இரண்டு ஸ்பிரிங் விரலால் தள்ளினாலே ஆடியது. அதையும் மாற்றிவிட்டேன்.

நேற்று நாலு மூட்டை காபியோடு வத்தலக்குண்டு போய்த் திரும்பினேன். மேலே வந்து, வண்டி சூடாக இருக்கும்போதே நியூட்ரலில் விட்டுக் கேட்டேன். இன்ஜின் சத்தம் மட்டும்தான். இன்று காலை ஆறியபின் இரண்டு பிளக்கையும் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டிலும் ஆயில் துளை மட்டத்தில் நிற்கிறது.