நட்சத்திர ஆமைக் கடத்தல் வழக்குகள்: தீர்ப்பு விவரம் தேட உதவி தேவை

வணக்கம். பினாங்கில் பசுமைக் குற்றவியல் (சுற்றுச்சூழல், வனவிலங்குக் குற்றங்களை ஆராயும்) துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். சென்னையிலிருந்து விமானப் பெட்டிகளில் கோலாலம்பூருக்குக் கடத்தப்படும் நட்சத்திர ஆமைகளே என் ஆய்வுப் பொருள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, உச்ச அபராதம் 10 லட்சம் ரிங்கிட்டாகவும் சிறைத்தண்டனை 15 ஆண்டுகளாகவும் உயர்த்தப்பட்ட பின்னர், நீதிமன்றங்கள் உண்மையில் கடுமையாகத் தண்டிக்கின்றனவா என்பதை அறிய விரும்புகிறேன்.

ஆமைகள் பிடிபட்ட செய்தி வருகிறது, தீர்ப்பு வருவதில்லை. பெட்டியில் எத்தனை ஆமைகள் இருந்தன என்பது தெரிகிறது, கூலிக்குப் பெட்டி சுமந்த ‘குருவி’ என்ன ஆனார், அவரை அனுப்பியவர் எப்போதாவது கூண்டில் ஏறினாரா என்பது தெரியவில்லை. என்னைப் பொறுத்தவரை, ஆய்வின் உயிரே அதுதான்.

ஏழு மாதங்களாகத் தமிழ், மலாய் நாளிதழ்களின் பழைய இதழ்களைப் புரட்டினேன். சட்டத் தரவுத்தளங்களில் மேல்முறையீட்டுக்குச் சென்ற வழக்குகளே பெரும்பாலும் கிடைக்கின்றன. ஒரு நீதிமன்றப் பதிவகத்துக்கு இருமுறை எழுதினேன். வழக்கு எண் இல்லாமல் தேட இயலாது என்றார்கள்.

கைதான தேதியும் இடமும் மட்டுமே தெரிந்த நிலையில், செஷன்ஸ் நீதிமன்ற வழக்கு எண்ணைக் கண்டறிய முறையான வழி எது?