எதை விடுவது? கொஞ்சம் சொல்லுங்கள்

வணக்கம். தமிழக அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 200 கேள்விகளில் 100 தமிழ்ப் பகுதி. ஆறாம் வகுப்பிலிருந்து பாடநூல்களைத் திரும்பப் புரட்ட வேண்டும். நேரம்தான் இல்லை.

நேற்று, கிழித்த காலண்டர் தாளின் பின்புறம் என் நாளை எழுதிப் பார்த்தேன். ஐந்தரைக்கு எழுந்து சமையல், ஒன்பதரை முதல் கடையில் கணக்கு வேலை, மாலையில் தெருப் பிள்ளைகள் ஆறு பேருக்கு டியூஷன், அப்புறம் மகளிர் குழுவின் வரவு செலவு நோட்டு. படிக்க மிஞ்சுவது இரவு பத்துக்கு மேல். புத்தகத்தைத் திறந்ததுமே கண் சொக்கிவிடுகிறது.

டியூஷனை விட முடியாது, தம்பியின் கல்லூரிச் செலவு அதில்தான் ஓடுகிறது. குழு நோட்டை ஒப்படைக்கலாம். ஆனால் நம்பிக் கொடுத்த அக்காக்களிடம் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் எதை முதலில் விட்டீர்கள்? அதிகாலை, இரவு, எது கைகொடுத்தது?